நொட்டாங்கை விறகு

எடெல்மிராவை இன்று ஊரில் எல்லோருக்கும் ரொட்டிக்காரியாகத் தெரியும். அவள் வந்து இறங்கிய அன்று யாருக்கும் அவளைத் தெரியாது, அவளுக்கும் யாரையும் தெரிந்துகொள்ளும் ஆசை இல்லை. கப்பல் உலகத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் புவெர்த்தோ லாஸ்த்ரே துறையை நெருங்கும்போது அவள் வயிற்றில் வாந்தியெடுக்கக்கூட எதுவும் மிச்சமில்லை. புந்தா அரேனாஸில் ஏறியதிலிருந்து அவள் செய்துவந்த ஒரே வேலை அதுதான். ஆறு வயது மகள் மாகலி மட்டும் கப்பல் சமையல்காரனோடு சிநேகமாகிவிட்டாள். கன்னமெல்லாம் ஜாமை அப்பிக்கொண்டு தளத்தில் ஓடித் திரிந்தாள்.

“அதோ பாரு, வந்துடுச்சு” என்று கணவன் நெஸ்தோர் கையை நீட்டினான்.

எடெல்மிரா பார்த்தாள். மலை. மலையடியில் கறுப்பாகக் காடு. காட்டடியில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வெள்ளை வீடுகள் இரண்டு வரிசை, ஒரு கொடிமரம், கையகலத் தேவாலயம். கொஞ்சம் தள்ளி, நண்டு பிடிப்பவர்களின் தகரக் குடிசைகள்.

“இது ஊரோட பின்பக்கமா?” என்று கேட்டாள்.

“ஏன்?”

“முன்பக்கம் எங்கயாச்சும் இருக்கும்னு பாத்தேன்.”

நெஸ்தோர் சிரித்தான். அவனும் அவளும் வடக்கே ஓவாயே பக்கத்துக்காரர்கள். அங்கே மழை பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவார்கள். வெயிலில் திராட்சை தானாகவே காய்ந்து உலர்திராட்சையாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தவன் கடற்படையில் இயந்திரம் பழுதுபார்க்கச் சேர்ந்தான். போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போனான். இந்த முறை மாற்றல் உத்தரவில் இருந்த ஊரை அவர்கள் வீட்டு வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடற்படைக்காரனைக் கட்டிக்கொண்டவள் வீட்டின் மேல் ஆசை வைக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். எடெல்மிரா ஆசை வைக்கவே இல்லை. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அடுத்த மாற்றலில் ஓடிவிட வேண்டும் என்றுதான் நினைத்து இறங்கினாள்.

அவர்களுக்குக் கொடுத்த வீட்டின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே இரும்பு அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் பக்கத்து வீட்டு நின்ஃபா உட்கார்ந்திருந்தாள். நின்ஃபா சிலோயே தீவுக்காரி. கணவன் கடற்படை முகாமில் சார்ஜென்ட். அவளுடைய நாக்குக்குத் தப்பியவர் ஊரில் பாதிரியார் ஒருவர்தான். அதுவும் பாதிக் காது கேட்காததால்.

“வாம்மா வடக்கத்திக்காரி. கப்பல் உன்ன மென்னு துப்பின மாதிரியில்ல இருக்க. உக்காரு, மாத்தே குடி.”

எடெல்மிரா மாத்தே பானத்தைக் குழலில் உறிஞ்சிக்கொண்டே, பின்வாசல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தாள். தரையிலிருந்து கூரை வரை விறகு அடுக்கியிருந்தது.

“இதெல்லாம் யாரு வெச்சது? யாருக்கு நன்றி சொல்லணும்?”

“யாருக்கும் வேணாம். முன்னாடி இருந்தவங்க வெட்டிக் காயவெச்சது. அவங்க போயிட்டாங்க, நீ எரி. நீ போறப்ப வர்றவங்களுக்கு வெச்சுட்டுப் போ. கொட்டகைக்குள்ள போயிட்ட வெறகுக்கு வீடுதான் சொந்தக்காரன். அட்மிரல் வந்து கேட்டாலும் இதான் பதிலு.”

குளிரின் முதல் மாதத்தில் எடெல்மிரா செய்த கூத்து இன்றும் எங்கள் ஊரில் சிரிப்புக் கதை. வடக்கே அவள் தாய் கற்றுக்கொடுத்த பழக்கம், காலையில் எழுந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்து வீட்டைக் காற்றாட விடுவது. அவள் அதை இங்கேயும் செய்தாள். ஜன்னலைத் திறப்பாள், குளிரும். குளிரினால் அடுப்பில் விறகைத் திணிப்பாள். நெஸ்தோர் அதற்கு மேல். கப்பல் இயந்திரத்துக்குத் தீனி போடுகிறவன், வீட்டு அடுப்பையும் அப்படியே நினைத்துவிட்டான்.

“ஏன்டி, நீ கடலுக்கா அடுப்பு எரிக்கற? வெளியில பெங்குவினுங்க சட்டையக் கழட்டிட்டுத் திரியுதுங்க” என்று நின்ஃபா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவாள்.

சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்டில், எங்கள் தெற்கில் அது நடுக்குளிர், கொட்டகையின் பின்சுவர் தெரிந்தபோது சிரிப்பு நின்றது. இன்னும் இரண்டு மாதக் குளிர் பாக்கி இருந்தது. காட்டிலிருந்து பச்சை மரத்தை இழுத்து வந்து போட்டார்கள். பச்சை மரம் எரியாது, அழும். அடுப்புக்குள் நுரை தள்ளி, வீடு முழுக்கப் புகை கக்கியது. எங்கள் ஊர்ப் பெண்கள் காலையில் சிலுவை போடுவதற்கு முன்னால் அடுத்த வீட்டுப் புகைபோக்கியைத்தான் பார்ப்பார்கள். புகை வராவிட்டால் போய்க் கதவைத் தட்டுவார்கள். மஞ்சளாகத் தடித்துப் புகை வந்தால், அந்த வீட்டில் காய்ந்த விறகு இல்லை என்று அர்த்தம். எடெல்மிரா வீட்டுப் புகை மஞ்சளாக வந்த மறுநாளே வாசலில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு அணைப்பு விறகு வந்து விழுந்தது. ஆனாலும் அது போதவில்லை. மாகலிக்கு நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமி உதடு நீலம் பாய்ந்தது. முகாமின் மருத்துவ அறையில் அவளை ஆவி பிடிக்கவைத்து மீட்டார்கள்.

அன்று நெஸ்தோர் மகளின் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

“அடுத்த குளிருக்கு எம் புள்ள இருமுச்சுன்னா, என்ன ஏன்னு கேளு” என்றான் எடெல்மிராவிடம்.

சொன்னதைச் செய்தான். பனி உருகியதும் கோடாரியை எடுத்தவன், கோடை முழுவதும் கீழே வைக்கவில்லை. முகாமில் வேலை முடிந்ததும் நேரே காட்டுக்குப் போவான். காற்றில் விழுந்த லெங்கா மரங்களைத் துண்டு போட்டு, வண்டியில் கொண்டுவந்து, கொல்லையில் பிளப்பான். அவன் இடக்கைக்காரன். எல்லோருடைய கோடாரியும் வலப்பக்கமிருந்து இறங்கும், அவனுடையது இடப்பக்கமிருந்து இறங்கும். அதனால் அவன் வெட்டிய கட்டையின் வெட்டுவாய் ஊரில் எல்லோர் கட்டைக்கும் எதிர்ப்பக்கமாகச் சரிந்திருக்கும். வழக்கம்போல அடுக்கினால் அடுக்கு பாதியிலேயே வயிற்றைத் தள்ளிக்கொண்டு சரிந்துவிழும்.

“நொட்டாங்கை வெட்டு வெட்டி வெச்சிருக்கான் பாரு. இந்த வெறகும் ஒன் ஆளு மாதிரியே கோணல்” என்பாள் நின்ஃபா.

எடெல்மிராதான் அதற்கு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கட்டையையும் தலைகீழாகத் திருப்பி வைத்தால் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். அவன் பிளக்க, அவள் திருப்பித் திருப்பி அடுக்க, மாகலி சிராய்களைப் பொறுக்கிப் பெட்டியில் போட, அந்தக் கோடை போயிற்று. ஒரு நாள் வேலை முடித்து மூவரும் கொல்லையில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். கால்வாயில் தண்ணீர் வெயில் பட்டுப் பளபளத்தது. அந்த மாதிரி வெயில் எங்கள் ஊரில் அத்தி பூத்த மாதிரி.

“அடுத்த மாத்தல்ல வடக்க கேட்டுப் பாக்கட்டா?” என்றான் நெஸ்தோர்.

எடெல்மிரா உடனே ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் விறகைப் பார்த்தாள்.

“இவ்வளவு வேல செஞ்சுட்டு இத எவளோ எரிக்கறதா? மொதல்ல நான் எரிக்கணும். அப்புறம் கேளு.”

“அப்ப ஊரு புடிச்சுப்போச்சு.”

“வெறகு புடிச்சிருக்கு. ஊரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.”

கோடையின் கடைசி, பிப்ரவரி முடிகிற சமயம் ஒரு நாள் காலையிலேயே காற்று திரும்பியது. கால்வாயின் வாய்க்கு வெளியே ஒரு நண்டுப் படகு இயந்திரம் நின்றுபோய்ப் பாறையை நோக்கி அடித்துக்கொண்டு போவதாக ரேடியோவில் வந்தது. காவல் படகு கிளம்பியது. நெஸ்தோர்தான் இயந்திரக்காரன், அவன் போனான். நண்டுப் படகில் இருந்தவர்கள் சோஃபனோர் என்ற கிழவனும் அவன் மருமகனும். நெஸ்தோர் அவர்கள் படகுக்குத் தாவி, குனிந்து இயந்திரத்தை உயிர்ப்பித்துவிட்டான். திரும்பிக் காவல் படகுக்குத் தாவும்போது ஒரு அலை இரண்டு படகையும் பிரித்தது. அவ்வளவுதான். யார்மேலும் பிழை சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரில் மனிதன் நாலு பேச்சு பேசுகிற நேரம்கூடத் தாங்க மாட்டான்.

அன்று மழை. மழை நாளில் எல்லா வீட்டிலும் செய்கிற மாதிரி எடெல்மிரா பூசணிக்காய் மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. தளபதியும் பாதிரியாரும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் அவர்களை உட்காரச் சொன்னாள், சூடாக இருக்கிறது சாப்பிடுங்கள் என்றாள். அவர்கள் உட்காரவில்லை. எண்ணெய் கருகி வீடெல்லாம் நாறியபோது நின்ஃபா ஓடிவந்து சட்டியை இறக்கினாள். எடெல்மிரா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கரண்டியை அவள் விரலிலிருந்து பிரிப்பதற்கு நின்ஃபா பட்ட பாடு பெரும்பாடு.

பல நாள் தேடினார்கள். கடல் அவனைத் தரவில்லை. உடல் இல்லாமலேயே பூசை வைத்தார்கள்.

பிறகு ஒரு நாள் வீடுகளைக் கவனிக்கும் லெப்டினன்ட் வந்தான். மீசை சரியாக முளைக்காத வயது. கெட்டவன் இல்லை, பாவம், அவனுக்குக் கொடுத்த வேலை அது.

“ஏப்ரல் கப்பல்ல புது இயந்திரக்காரர் குடும்பத்தோட வர்றாரு அம்மா. வேற வீடு காலி இல்ல. அதே கப்பல்ல ஒங்க சாமானெல்லாம் ஏத்தி ஒங்க ஊருக்கே கொண்டுவிட ஏற்பாடு பண்ணியிருக்கோம்.”

“வீட்டக் குடுத்துடறேன். கப்பல்ல ஏற மாட்டேன்.”

“அங்க ஒங்க சொந்தபந்தம் இருக்காங்களே…”

“இருக்காங்க. என் புருஷன் இங்க இருக்கான்” என்றாள். லெப்டினன்ட் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தான்.

சோஃபனோர் கிழவன் தன் குடிசையின் பின்னறையை ஒழித்துக் கொடுத்தான். அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. முகாமின் ரொட்டி அடுப்பில் ஆள் தேவைப்பட்டது, அங்கே சேர்ந்தாள். இதெல்லாம் சுலபமாக முடிந்தது. விறகுதான் முடியவில்லை.

நெஸ்தோருடைய சட்டைகளில் இயந்திர எண்ணெய் வாடை அடித்தது. அது எல்லா இயந்திரக்காரன் சட்டையிலும் அடிக்கிற வாடை. அவன் தொட்டது, வேறு யாரும் அப்படித் தொட்டிருக்க முடியாதது என்று உலகத்தில் இருந்தது அந்தக் கொட்டகை விறகு மட்டும்தான். ஒவ்வொரு கட்டையிலும் அவன் இடக்கை இறங்கிய சரிவு இருந்தது. அதை எவளோ ஒருத்தி, அவன் முகத்தையே பார்க்காதவள், அடுப்பில் தூக்கிப் போடுவதை எடெல்மிராவால் பொறுக்க முடியவில்லை.

மாகலி விளையாடுகிற தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு விறகை ஏற்ற ஆரம்பித்தாள். பட்டப்பகலில், நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க. நின்ஃபா வேலிக்கு வந்தாள்.

“எடெல்மிரா, அது வீட்டு வெறகும்மா.”

“வெட்டினது எம் புருஷன். எம் புள்ளைக்குன்னு வெட்டினான்.”

“வர்றவளுக்குக் கைக்கொழந்தையாம்.”

“ஒங்க ஊர் வழக்கம் ஒங்ககிட்டயே இருக்கட்டும். ஆளையும் எடுத்துக்கிட்டீங்க, வெறகையும் எடுத்துப்பீங்களா?”

நின்ஃபாவின் வாய் மூடியதை ஊர் அன்றுதான் பார்த்தது. யாரும் எடெல்மிராவுக்கு உதவவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. எதிரே வந்த லெப்டினன்ட் சட்டென்று திரும்பி வேறு தெருவில் போனான். கொட்டகையில் கடைசிச் சிராய்ப் பெட்டி வரை அவள் எடுத்துவிட்டாள். சோஃபனோர் குடிசையின் இறவாரத்தடியில் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்து அடுக்கினாள். மேலே பழைய பாய்மரத் துணியைப் போட்டு மூடினாள்.

கப்பல் வருவதற்கு முன்பே குளிர் இறங்கத் தொடங்கியது. சோஃபனோர் கரையில் ஒதுங்கிய மரத்துண்டுகளைப் பொறுக்கி வந்து எரித்தான். எடெல்மிரா தன் அடுக்கில் ஒரு கட்டையைக்கூட உருவவில்லை. ஒரு முறை உருவினாள், கையில் வைத்துக்கொண்டு நின்றாள், அடுப்புக் கதவைத் திறந்தாள். மனசு வரவில்லை. கொண்டுபோய் இருந்த இடத்திலேயே செருகினாள்.

“எரிக்கவும் மாட்ட. அப்ப எதுக்கு இது?” என்று ஒரு நாள் கேட்டான் கிழவன்.

“இருக்கட்டும்.”

“மெழுகுவத்தி ஏத்தி வெச்சா நானும் வந்து மண்டி போடுவேன். எனக்கும் அவருதான் உசுரு குடுத்தாரு. ஆனா வெறகு வெறகுதான் தாயி.”

அவன் சொன்னது அவளுக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது.

ஏப்ரல் கப்பல் வந்தது. எடெல்மிரா துறைப்பக்கம் போகவே இல்லை. மாகலி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“அந்தப் பாப்பாவுக்குத் தலையில முடியே இல்லம்மா. என் கட்டில் இருந்த எடத்துல அதோட தொட்டில வெச்சிருக்காங்க.”

அன்றிலிருந்து எடெல்மிரா முகாமுக்குப் போகும்போது தன் பழைய வீடு இருந்த மேல்தெரு வழியாகப் போவதை விட்டாள். ஆனால் புகை எல்லாத் தெருவிலிருந்தும் தெரியும். ஊர் வழக்கப்படி ஒவ்வொரு வீடும் புதுக் குடும்பத்துக்கு ஒரு அணைப்பு விறகு கொடுத்திருந்தது. அது தீர்ந்திருக்க வேண்டும். ஒரு காலையில் ரொட்டி அடுப்புக்கு நடந்துகொண்டிருந்தவள் தன் பழைய வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தாள். மஞ்சளாக, தடிப்பாக, மேலே எழ முடியாமல் கூரைமேலேயே புரண்டது புகை. அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள்.

அந்த வாரம் ரொட்டி கொடுக்கும் ஜன்னலில் ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள். இருபது வயதுகூட இருக்காது. மேல்கோட்டுக்குள் குழந்தையைச் செருகி, மேலே கம்பளியைச் சுற்றியிருந்தாள். மூக்கு சிவந்து, கண் புகையில் வீங்கியிருந்தது. அவளும் வடக்கே, அரீக்காக்காரி, பெயர் யெசெனியா. பாலைவனத்து ஊரிலிருந்து வந்தவள் பேசுகிற பேச்சில் எடெல்மிராவுக்குத் தன் ஊர் வாடை அடித்தது.

“அக்கா, இந்த ஊர்ல எப்பிடித்தான் அடுப்பு மூட்டறாங்க? நான் ஊதி ஊதி எனக்கு நெஞ்செல்லாம் வலி எடுத்துப்போச்சு. அவரும் கடலுக்குப் போயிட்டாரு.”

“ஈர வெறகா?”

“ஈரம்தான். எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க கொட்டகையத் தொடச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். அப்பிடி யாரும் பண்ண மாட்டாங்களாமே இங்க? யாரு அவங்கன்னு கேக்கறேன், ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டேங்கறாங்க. பக்கத்து வீட்டு நின்ஃபா அக்காவ கேட்டா, வெறகு காத்துல போச்சுங்கறாங்க.”

கோட்டுக்குள்ளிருந்து குழந்தை இருமியது. சின்ன இருமல். கோழிக்குஞ்சு தொண்டையில் தானியம் மாட்டின மாதிரி. முடிவில் ஒரு விசில் சத்தம் இருந்தது. எடெல்மிராவுக்கு அந்த விசில் தெரியும். ஆகஸ்டு முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தவனையும் அவளுக்குத் தெரியும்.

ரொட்டியைக் கொடுத்தாள். சில்லறையை வாங்க மறந்தாள். பெண் போன பிறகு மாவுப் பலகைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். ஊர் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைவிட அவளை நாலு பேர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கோபமும் இருந்தது. அவனிடமிருந்து மிச்சமிருப்பது அது ஒன்றுதானே, அதையும் கொடுத்துவிட்டால் தன் கையில் என்ன இருக்கும் என்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு குடிசைக்குப் போனாள். பாய்மரத் துணியை இழுத்து எறிந்தாள்.

தள்ளுவண்டி முதல் சுமையோடு மேல்தெருவில் ஏறியபோது நின்ஃபா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். ஒன்றும் கேட்காமல் தன் வீட்டுத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு சோஃபனோர் குடிசை இருந்த கீழ்த்தெருவுக்கு இறங்கினாள். சோஃபனோர் தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான்.

யெசெனியா கதவைத் திறந்து, வாசலில் கொட்டியிருந்த விறகைப் பார்த்தாள்.

“இது… யாருதுக்கா?”

“இந்த வீட்டோடது. நாந்தான் எடுத்துட்டுப் போனவ.” எடெல்மிரா அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “திட்டணும்னா திட்டிக்க. மொதல்ல அடுப்பப் பாக்கலாம்.”

யெசெனியா திட்டவில்லை. எடெல்மிரா துக்கத்துக்குப் போட்டிருந்த கறுப்பு உடுப்பைப் பார்த்தாள், பின்னால் நின்ற நின்ஃபாவின் முகத்தைப் பார்த்தாள், வழியைவிட்டு ஒதுங்கினாள்.

தன் சொந்தச் சமையலறைக்குள் எடெல்மிரா விருந்தாளி மாதிரி நுழைந்தாள். திரைச்சீலை வேறாக இருந்தது. அவள் துணி காயப்போட்ட கயிற்றில் இப்போது குழந்தையின் துணிகள் ஈரம் காயாமல் தொங்கின. அடுப்பு மட்டும் அதே அடுப்பு. சாம்பலை வழித்தாள், காற்று வருகிற தகட்டைத் திறந்தாள், மாகலி பொறுக்கிய சிராய்களை உள்ளே வைத்துப் பற்றவைத்தாள். யெசெனியா விறகை உள்ளே கொண்டுவந்து சுவரோரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கு முழங்கால் உயரம் வந்தது, வயிற்றைத் தள்ளியது, தடதடவென்று சரிந்தது. மறுபடி அடுக்கினாள், மறுபடி சரிந்தது.

“ஒண்ணுகூட நேரா இல்லியேக்கா. யாரு வெட்டினது இத? கண்ணு தெரியாதவரா?”

நின்ஃபா மூச்சை இழுத்துப் பிடித்தாள். எடெல்மிரா அடுப்பின் முன்னால் மண்டியிட்டபடி திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நின்ஃபா நினைத்தாள். கிட்டே வந்து பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

“கண்ணு நல்லாத் தெரியும். நொட்டாங்கைக்காரன். எம் புருஷன்” என்றாள். “தலகீழாத் திருப்பி வை. நிக்கும்.”

யெசெனியா ஒரு கட்டையைத் திருப்பி வைத்தாள். இன்னொன்றைத் திருப்பி அதன்மேல் வைத்தாள். கவ்வி நின்றது.

எடெல்மிரா ஒரு கட்டையை எடுத்தாள். வெட்டுவாயின் சரிவை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினாள். நெருப்புக்குள் வைத்தாள். கட்டை நுரைக்கவில்லை, அழவில்லை. பட்டென்று பிடித்துக்கொண்டு எரிந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவ்வளவு நன்றாகக் காயவைத்திருந்தான். அடுத்ததையும் வைத்தாள். இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியது, ஜன்னல் கண்ணாடியில் கட்டியிருந்த பனி ஓரத்திலிருந்து உருகத் தொடங்கியது. பள்ளிவிட்டு வந்த மாகலி, யாரும் கூப்பிடாமலேயே உள்ளே வந்து, காலணியைக் கழற்றிவிட்டு அடுப்படியில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். தொட்டிலை நின்ஃபா நகர்த்தி அனல் படுகிற தூரத்தில் வைத்தாள். குழந்தை இரண்டு முறை இருமியது. பிறகு வாயைத் திறந்தபடி தூங்கிப்போனது.

எடெல்மிரா கையை அடுப்பை நோக்கி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பிப்ரவரியிலிருந்து அவள் விரல்கள் சில்லிட்டே கிடந்தன. இப்போது ஒவ்வொன்றாக உயிர் வந்தது, வலித்தது.

கட்டைகள் அடங்கிச் செந்தணலானபோது யெசெனியா அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

“இன்னொண்ணு போடட்டுமா அக்கா? இல்ல, மிச்சம் பிடிக்கணுமா?”

“போடு” என்றாள் எடெல்மிரா. “கொழந்த இருமக் கூடாதுன்னுதான் வெட்டினான். நெறைய வெட்டி வெச்சிருக்கான்.”